கீச்

பரீட்சைக்குப் படித்தது இன்னும் மனப்பாடம்:
குழந்தை முதலில் விரும்புவது பாலை.
பாலோடு சேர்ந்து வருகிறவளை, பிறகு.
ஐந்து மார்க் கேள்வி.
நாய், மணி, எச்சில் என்று படம் போட்டு
நாலரை வாங்கினேன்.

அடுக்கம்பாறை, பச்சிளம் குழந்தை வார்டு.
பங்குனியில் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில்
குடியாத்தம் லுங்கித் துண்டு சுற்றிக் கிடைத்தவள்,
ஒரு கிலோ இருநூறு.
கேஸ் ஷீட்டில் பெயருக்கான கோடு காலி.
காலை ஷிஃப்டுக்கு அவள் மஞ்சு.
மதியம் மும்தாஜ் சிஸ்டர் ஷிஃபா என்பாள்.
இரவில் நான் எதுவும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் பழகிவிடும்,
எனக்கு.

ஏழு பேர் மாறி மாறிப் பால் கொடுத்தோம்.
ஏழு முகத்திலும் மாஸ்க்.
கையெல்லாம் ஒரே டெட்டால்.
எந்த முகத்தோடு சேர்ப்பாள் பாலை?

அவள் சேர்த்தது ட்ராலியோடு.
முன்னால் இடது சக்கரம், துருப்பிடித்தது,
வராந்தாத் திருப்பத்தில் ஒரு கீச்,
கதவருகே இன்னொரு கீச்.
அழுகை பாதியில் நிற்கும்.
பாலாடை வருவதற்குள்
நாக்கு வெளியே வந்து காத்திருக்கும்.
எழுபதாவது நாள் சிரித்தாள்.
நான் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு குனிந்தேன்.
என்னைத் தாண்டி
ட்ராலியைப் பார்த்துத்தான் சிரித்திருந்தாள்.

அக்னி நட்சத்திரம்.
மலைப்பாறைகள் இரவெல்லாம் அனலைத் திருப்பித் தரும்
வேலூர்த் தூக்கம் யாருக்கும் இல்லை.
மற்ற குழந்தைகளாவது தூங்கட்டும் என்று
தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய்
நாலு சொட்டு, சக்கரத்துக்கு விட்டேன்.

மூன்று மணிக்குப் பால் சத்தமில்லாமல் வந்தது.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று.
வார்டே எழுந்துகொள்கிற மாதிரி அழுகை.
குப்பம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள்:
"இன்னாத்துக்கு எண்ணெ போட்ட சிஸ்டர்?
அதுக்கு அதாம்மா அம்மா."

மணி அடித்தும் சோறு வராவிட்டால்
என்ன ஆகும் என்று படித்திருக்கிறேன்.
சோறு வந்து, மணி வராவிட்டால்?
அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை யாரும்.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
வாயாலேயே செய்தேன்.
கீச்.

நிறுத்தினாள்.
என் உதட்டையே பார்த்தாள்,
உள்ளே எங்கேயோ சக்கரம் இருக்கிறது என்பதுபோல.

அழுகை நின்றது எனக்கு இனித்தது.
இனித்ததால் மறுநாள் இன்னும் வேகமாக ஓடினேன்.
அவள் கூப்பிட, நான் ஓட, அவள் நிறுத்த,
ஒரே மாதத்தில் என்னை நன்றாகப் பழக்கிவிட்டாள்.
படத்தில் நாயை நான் எந்தப் பக்கம் வரைந்தேன் என்று
யோசித்துப் பார்த்தேன்.

வாராந்திர விடுப்பில் காட்பாடி ரோட்டில்
முள்ளுக்கத்தரிக்காய் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று
கீச்சிட்டுத் திரும்பியது.
என் வலது கை எழுந்து
இடது மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்தது,
சூடு பார்க்க ஒரு சொட்டு விழுவதற்காக.
"எவ்ளோ போடட்டும்மா?" என்றார் வண்டிக்காரர்.
கால் கிலோ வாங்கினேன்.
எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது.

ஆடியில் எடை ஏறிவிட்டது.
இல்லத்திலிருந்து அமலோற்பவம் என்று ஒரு அக்கா
ஜீப்பில் வந்தாள், ரசீதுப் புத்தகத்தோடு.
அளவு, ஊசி, வலப்பக்கம் படுத்தால் தூங்குவாள்,
எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.
கடைசியில்:
பால் தரும் முன் ஏதாவது சத்தம் செய்யுங்கள்.
"எங்க ஹோம்லயும் மூணு ஷிஃப்டு சிஸ்டர்."
சரி, எல்லாரும் ஒரே சத்தமாகச் செய்யுங்கள் என்றேன்.
"எந்தச் சத்தம்?"
உங்கள் வளையல் போதும் என்றேன்.
என்னுடையதைச் செய்து காட்டவில்லை.

எண்ணெய் காய்ந்துவிட்டது.
திருப்பத்தில் ட்ராலி பழையபடி கத்துகிறது.
அந்தத் தொட்டிலில் இப்போது ஒரு பையன்,
இடி விழுந்தாலும் தூங்குவான்.

மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்து
சோறு வராவிட்டால்
கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும் என்று போட்டிருந்தது.
எத்தனை தடவைக்குப் பிறகு என்றும் போட்டிருந்தது.
அது ஞாபகம் வரவில்லை.
போன அரை மார்க்
அங்கேதான் போயிருக்க வேண்டும்.